உறங்காத பெட்டியின் பசி

தொலைக்காட்சியை ரிமோட்டால் அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கச் செல்லும் தமிழகக் குடும்பத் தலைவர், அதன் மூலையில் எரியும் சிவப்புப் புள்ளியைத் திருஷ்டிப் பொட்டு என்றே கருதுகிறார் போலும். காத்திருப்பு நிலை எனப்படுவது, கருவியொன்று வேலை எதுவும் செய்யாமல், அடுத்த ஆணையை எதிர்பார்த்தபடியே மின்சாரம் உண்ணும் நிலை. கல்யாண வீட்டில் ஒத்தாசைக்கு வந்ததாகச் சொல்லிப் பந்தியில் மட்டும் தென்படும் தூரத்து உறவினரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்பந்தியில் முதல் இலை செட்டாப் பாக்ஸுக்கே உரியது. திரை இருண்ட பின்னும் சமிக்ஞையைப் பிடித்தபடியே இருப்பதால், இவற்றுள் பல, விழிப்பில் கொள்ளும் மின்சாரத்துக்குச் சற்றேறக்குறைய இணையாகவே உறக்கத்திலும் கொள்கின்றன. 10 வாட் இழுக்கும் பெட்டி 60 நாள் இடைவிடாது இணைப்பில் இருந்தால் 14.4 யூனிட் செலவாகும். யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடத் தேவையான அளவு. ஆகவே, 2016இல் தமிழக அரசு இரு மாதங்களுக்கென அறிவித்த 100 இலவச யூனிட்டுகளில் ஏழில் ஒரு பங்கு, குடும்ப அட்டையில் பெயரே இல்லாத இந்த உறுப்பினருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

காத்திருப்புச் செலவு 1 வாட்டைத் தாண்டலாகாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999இலேயே முன்மொழிந்தது. அச்செலவை அறவே நிறுத்தவும் வழியுண்டு: அமெரிக்க வீட்டுச் சுவர்களில் பொதுவாகக் காணப்படாத வசதியாக, இங்கே பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்சும் இருக்கிறது. ஆனால், பெரும்பாலும் அது ஷோகேஸின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.