டிராகனுக்கு இலை போட்டாச்சா?

மாயாஜாலக் கதை எழுதும் நண்பன் கேட்டான்: "வடக்கு மலை டிராகனும் தெற்குச் சமவெளி டிராகனும் ஒரே ஆட்டையாடா தின்னும்? அதுகளுக்கும் வட்டாரச் சமையல் வேணாமா?"

இதையா மதுரைக்காரனிடம் கேட்பது! திருவிளையாடல் புராணத்திலேயே நாங்கள் பந்தி போட்டு முடித்த விஷயம். மீனாட்சி கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றுமலையைக் குண்டோதரன் என்ற பூதம் தின்று தீர்த்தது. பசி அடங்கவில்லை. சிவன் அன்னக்குழியை வரவழைத்தார். அதில் இருந்தது தயிர்ச்சோறு. பூதமானாலும் மோர் சாப்பாட்டோடுதான் முடிக்கும். பந்தி முறை தெரிந்த பிள்ளை. தாகத்துக்கு 'வை கை' என்றார், வைகை ஆறே வந்தது.

இன்றைக்கு அந்த வசதி இல்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கவே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. இதில் டிராகன் வேறு வாய் வைத்தால்?

எனவே என் மெனு: வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் பிரியாணி, நாலு கறிதோசை, கடைசியில் ஜிகர்தண்டா. அடியில் பாதாம் பிசின், மேலே நன்னாரி, அதற்கும் மேலே ஐஸ்கிரீம். ஒரே ஒரு பயம். இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் நெருப்புக் கக்க வேண்டிய வாயிலிருந்து இட்லிக் கொப்பரை மாதிரி வெறும் ஆவிதான் வரும்.