வாள் வாங்கப் போகிறவர்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும், மூன்றாம் மாடிக்கு மேலே இவர் ஒருவர் இருப்பார். ஏதாவதொரு திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பிள்ளை கனடாவில், மற்றது லண்டனில். மாதாமாதம் பென்ஷன், பிரஷருக்குக் குளிசை, விடியற்காலையில் மரைன் டிரைவில் நடை. இவற்றோடு மரவேலையும் உண்டு. மரத்தைத் தொடுகிற வேலை என்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஒரு மைட்டர் சோ வாங்கப் போகிறார். 2020 மார்ச் ஊரடங்கில், யாரோ ஒரு வெள்ளைக்காரர் கராஜுக்குள் நின்று புத்தக அலுமாரி செய்யும் வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து போய்க்கொண்டேயிருக்கிறார்.

மைட்டர் சோ என்பது மேடையில் பூட்டிய வட்ட வாள். பலகையை வைத்துக் கைப்பிடியை இறக்கினால் குறுக்கே துண்டாகும். மேடையைத் திருப்பிவிட்டால் 45 பாகையில் துண்டாகும். படச்சட்டத்தின் மூலைகள் பொருந்துவதற்கு அது வேண்டும். கருவி அவ்வளவுதான். ஆனால் அவருக்கு முன்னால் "அவ்வளவுதான்" என்று சொன்னால் அன்றைக்கு உங்களுக்கு மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

"தம்பி, எட்டரை அங்குலமோ, பத்தோ, பன்னிரண்டோ எண்டதை முதல்ல தீர்மானிக்கோணும்" என்று தொடங்குவார். பத்தங்குலச் சில்லு வைத்த சாதாரண வாள் ஆறங்குல அகலப் பலகையோடு நின்றுவிடும். தண்டில் சறுக்கி முன்னும் பின்னும் போகிற ரகம் பன்னிரண்டு அங்குலம் வரை அரியும். ஆனால் அந்தத் தண்டு பின்னுக்கு நீள இடம் விட வேண்டும். பல்கனியை அவர் நாடாவால் அளந்து வைத்திருக்கிறார். உடுப்புக் கொடி, துளசிச் சாடி, காஸ் சிலிண்டர் போக மிச்சமுள்ள இடத்தில் வாள் தாராளமாக நிற்கும். அதை இறக்குகிற ஆள்தான் பக்கத்து வீட்டுப் பல்கனியில் நிற்க வேண்டிவரும். கடல் உப்புக்கு எது முதலில் கறள் பிடிக்கும் என்பதற்குத் தன் வாள் கோப்பில் வேறாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

பிறகு பல். 24 பல்லுச் சில்லு வேகமாக அரியும், ஓரத்தைப் பிய்க்கும். 80 பல்லு வழுவழுப்பாக அரியும், மெதுவாகத் தள்ளினால் மரத்தைக் கருக்கும். பல்லு முன்னுக்குச் சாய்ந்திருந்தால் பலகையைக் கவ்வி இழுக்கும், ஆகவே சற்றே பின்னுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். தன் வாய்க்குள் எத்தனை மிச்சம் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. மக்கிட்டா, பொஷ் சில்லுகளில் எத்தனை என்பது தெரியும். மேடை 31.6 பாகையில் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதிலும் விடாப்பிடியாக நிற்கிறார். அது அமெரிக்க வீடுகளில் சுவரும் கூரையும் சந்திக்கிற மூலையில் பூச்சட்டம் அடிப்பதற்கான கோணம். இவருடைய பிளாட்டில் அந்த மூலையில் ஒட்டடைதான் இருக்கிறது.

கனடாக்காரன் அங்கிருந்து ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நடுவில் ஒரு டிரான்ஸ்போமர் வேண்டும். பன்னிரண்டு அங்குலச் சறுக்கு வாள் 25 கிலோ வரும். விமானத்தில் ஒரு சூட்கேசுக்கு 23 கிலோ. அந்த யோசனை விமானம் ஏறவில்லை. பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு, அதற்குப் பிறகு, 200 ரூபாயில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. நாடே தலையில் கை வைத்திருந்தபோது இவர் ஒருவர் மட்டும் நிம்மதியாக இருந்தார். "பாத்தியே தம்பி, அவசரப்பட்டு வாங்கியிருந்தா?"

101இல் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, பழைய சோனகத் தெருவுக்கு அடிக்கடி நடப்பார். கடைக்கார நானா முதலில் கேட்பார்: "அலுமினியத்துக்கா ஐயா, பலகைக்கா?" கொழும்பில் இந்த வாளை அதிகம் கேட்டு வருகிறவர்கள் அலுமினியத் தடுப்பு அடிக்கிறவர்கள். பலகைக்குத்தான் என்பார் இவர், சற்றுப் பெருமையாக. "என்ன செய்யப் போறீங்க?" இந்தக் கேள்விக்கு மட்டும் கோப்பில் பதில் இல்லை. விலைத்தாளை வாங்கி மடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

சிரிக்கிறோம். ஆனால் மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு கதிரைகூட வாங்காத அலுவலகத்தில் காலம் முழுக்க இருந்த மனுஷர் அவர். அங்கே அவர் கோப்பைக் கட்டி மேலே அனுப்புவார். தீர்மானம் வேறு யாரோ எடுப்பார்கள். இப்போது டெண்டர் சபைத் தலைவர், உறுப்பினர், செயலாளர் எல்லாம் அவரே. வாங்கிவிட்டால் சபை கலைந்துபோகும். எந்தத் தலைவருக்குத்தான் மனம் வரும்?

அவருடைய மனைவிக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. "இஞ்சேருங்கோ, சாமித்தட்டுப் பலகை கழண்டு பிள்ளையார் சரிஞ்சுபோய் இருக்கிறார்" என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தச்சுப் பாஸைக் கூப்பிட்டார். பாஸ் சாக்கில் சுற்றிய கைவாளோடு வந்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ஒரு கோடு, குசினி ஸ்டூலில் பலகையை வைத்து முழங்காலால் ஒரு அமத்து. தேத்தண்ணி ஆறுவதற்குள் பிள்ளையார் நிமிர்ந்துவிட்டார். நம்மவர் பலகையின் மற்ற நுனியைப் பிடித்தபடி, கோட்டின் மேல் டேப் ஒட்டி அரிந்தால் ஓரம் பிய்யாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். பாஸும் மரியாதையாகக் கேட்டார்.

போகும்போது பாஸ் ஒரு தப்புச் செய்தார். "ஐயா, நானும் மெஷின் ஒண்ணு எடுக்கலாம்னு பாக்குறேன். எது நல்லம்?"

அன்றிரவு அந்த வீட்டில் வெகுநேரம் லைட் எரிந்தது. முத்து முத்தான எழுத்தில், சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, இணைப்பு அ, இணைப்பு ஆ என்று ஓர் அறிக்கை தயாரானது. அதைக் கொடுக்க அவர் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது, பாஸின் பட்டறையில் பத்தங்குல வாள் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தொழிலை விட்ட அலுமினியக்காரர் ஒருவரிடம் பழசாக வாங்கியதாம். சில்லை மட்டும் பலகைக்கு ஏற்றதாக மாற்றியிருக்கிறார். பக்கத்தில் மகோகனி ஜன்னல் சட்டங்கள் மூலை பொருந்தி அடுக்கியிருந்தன.

நம்மவர் குனிந்து பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார், மேடையைத் திருப்பிப் பார்த்தார்.

"31.6இல பூட்டுது, பரவாயில்லை. ஆனா அவசரப்பட்டிட்டீங்கள் பாஸ். பற்றரியில ஓடுறது வந்திட்டுது. கொஞ்சம் பொறுத்திருந்தா விலை இறங்கும். நான் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."