அரிக்கமேட்டின் கல்யாணப் போட்டோ

அரிக்கமேட்டைப் பற்றி முதன்முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ழாந்தீய் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காத்திருந்தார். 1769 ஜூனில் நாளும் வந்தது, கூடவே மேகமும் வந்தது. பாவம், வானம் கைவிட்டவருக்கு அரியாங்குப்பம் ஆற்றங்கரைப் பழஞ்சுவர்களும் கிணறுகளுமாவது கண்ணில் பட்டனவே!

அதன்பிறகு சுமார் 170 வருஷம் அந்த மேட்டை யாரும் சீந்தவில்லை. யாரும் என்றால் படித்தவர்கள். ஊர்ப் பிள்ளைகள் பாசிமணி பொறுக்கினார்கள், செங்கல் தேவைப்பட்டவர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள், ஆறு தன் பங்குக்குக் கரையை அரித்தது. 1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் வந்து, மணியோடு மணியாக ஒரு கல்லில் அகஸ்டஸ் சீசரின் தலையைக் கண்டதாகச் சொன்ன பிறகே மேட்டுக்கு மரியாதை வந்தது.

அடுத்து பிரிகேடியர் மார்ட்டிமர் வீலர். 1944ல் சென்னை அருங்காட்சியக அலமாரியில், அரிக்கமேட்டிலிருந்து வந்த ரோமானிய மதுச்சாடியின் கழுத்து ஒன்று அவர் கையில் சிக்கியது. 1945ல், பிரிட்டிஷ் இந்தியாவின் தொல்லியல் தலைவர் பிரெஞ்சு மண்ணில் குழி தோண்டினார்.

குழியைப் படமெடுப்பதில் மனிதர் பட்டாளத்துக் கறார். முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வதைப் போல, தரையைப் பெருக்கி, பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கிய பிறகே கேமரா. அளவு தெரிய ஒரு கோல். கோல் போதாத இடத்தில் ஓர் ஆள். பார்க்கிறவர்கள் அவரை ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டு சுவரின் உயரத்தைக் கணக்குப் போடலாம். அளவுகோலுக்கு யாராவது பெயர் கேட்பார்களா? இத்தாலியின் அரெஸ்ஸோவிலிருந்து வந்த சிவப்புத் தட்டுகளின் யோகமே வேறு. விபி, காமூரி, இட்டா என்று செய்தவன் பெயர் அடியில் முத்திரையாகவே இருந்தது. 1946ல் 'ஏன்சியன்ட் இந்தியா' இதழில் அறிக்கை வந்தபோது, பெயரோடு அச்சேறியவர்கள் அந்தக் குயவர்கள்.

தட்டுகளால் லாபம் இல்லாமலில்லை. அவை இத்தாலியில் எப்போது சுடப்பட்டவை என்பது தெரியும். ஆகவே கூடவே கிடந்த நம்மூர்ப் பானைக்கும் கி.பி. முதல் நூற்றாண்டு என்று வயது சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த முதல் உறுதியான ஜாதகம் அது. ஆனால் வீலருக்கு அது போதவில்லை. மீன்பிடித்துச் சும்மா கிடந்த குப்பத்துக்கு ரோமாபுரிதான் வந்து விளக்கேற்றியது என்கிற ரீதியில் கதையை நீட்டிவிட்டார்.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டிப் பார்த்தார்கள். யவனர் தட்டு வந்திறங்கும் முன்பே அங்கே ஊர் இருந்தது. வீலரின் படத்தில் அது எப்படித் தெரியும்? அவர்தான் எல்லாவற்றையும் சுத்தமாகப் பெருக்கிவிட்டாரே.