காலஞ்சென்றவனின் விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய ஓய்வூதியப் பட்டுவாடா அலுவலகத்துத் தலைமை அதிகாரி அவர்களின் திவ்ய சமூகத்துக்கு, மெல்போர்ன் மாநகரத்தின் தென்கிழக்குப் புறநகரொன்றில் மகன் வீட்டில் காலட்சேபம் செய்துவருபவனும், தபால் இலாகாவில் ஊழியம் பார்த்து ஓய்வு பெற்றவனும், தங்கள் பதிவேட்டின்படி சென்ற நவம்பர் 30-ஆம் தேதி அலுவலகம் மூடும் நேரத்தில் காலஞ்சென்றவனுமாகிய அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் நான் க்ஷேமம். அவ்விடத்தில் நான் க்ஷேமமாக இல்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

என் சகதர்மிணியின் பெயருக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. என் பெயருக்கு எழுதினால் கையெழுத்திட்டு வாங்க ஆள் இராது என்ற தங்கள் தீர்க்காலோசனையை மெச்சுகிறேன். வாழ்நாள் சான்றிதழ் வரப்பெறாமையால் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றும், மரணச் சான்றிதழின் பிரதியையும், குடும்ப ஓய்வூதியத்துக்கான விண்ணப்பத்தையும், விண்ணப்பதாரரின் புகைப்படத்தையும் தாமதமின்றி அனுப்பும்படியும் அதில் கண்டிருந்தது. அச்சிட்ட படிவந்தான், ஆனால் ‘காலஞ்சென்ற திரு’ என்பதற்கு அடுத்த புள்ளிக்கோட்டில் மட்டும் என் பெயரை யாரோ நீல மையில், ஒற்றெழுத்துக்குப் புள்ளிகூட விடாமல், முத்து முத்தாக எழுதியிருந்தார்கள். உத்தியோக காலம் முழுவதும் பிறருடைய விலாசங்களைப் படித்துக் கண் நொந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இத்தனை அழகாக என் பெயரை எவரும் எழுதியதில்லை. உயிரோடிருந்தபோது இந்த மரியாதை கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் ஒன்றுதான்.

ஊரில் இருந்தவரையில் நவம்பர் மாதத்தை நான் அஞ்சியதே இல்லை. அடைமழைக்கு நடுவே தபால்காரரே வாசலுக்கு வந்து, எழுபது ரூபாய் பெற்றுக்கொண்டு, கையடக்கமான ஒரு கருவியில் என் கட்டைவிரலை அழுத்தச் செய்து, நான் ஜீவித்திருக்கும் செய்தியைச் சர்க்காருக்குத் தெரிவித்துவிட்டுப் போவார். தபால் ஊழியனுக்குத் தபால் ஊழியரே வருஷந்தோறும் பிராணப் பிரதிஷ்டை செய்துவைக்கும் அந்தப் பாக்கியம் வேறெந்த இலாகாவில் கிட்டும்? 2014 நவம்பரில் மின்னணு வாழ்நாள் சான்றிதழுக்கான ஜீவன் பிரமாண் திட்டம் தொடங்கியபோது, கிழவர்களை வங்கி வாசலில் காக்கவைக்கும் கொடுமை ஒழிந்தது என்று நடைப்பயிற்சி நண்பர்களிடமெல்லாம் பெருமை பேசியவன், காலஞ்சென்ற நானேதான்.

கடல் கடந்து வந்த பிறகு அந்தக் கருவியும் இல்லை, தபால்காரரும் இல்லை. ஆயினும் முகத்தைக் காட்டினாலே போதும் என்று 2021-இல் தாங்கள் செய்த அனுக்கிரகத்தை நம்பி, பேரனைக் கைபேசியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரத்து வெளிச்சத்தில் அமர்ந்தேன். செயலி கண்ணை இமைக்கச் சொல்லிற்று. சுயம்வர மண்டபத்தில் நளனுடைய உருவத்தில் வந்து அமர்ந்திருந்த தேவர்களுக்கு நடுவே மெய்யான நளன் எவன் என்பதைக் கண் இமைப்பதைக் கொண்டுதானே தமயந்தி தெரிந்துகொண்டாள்? தேவலோகம் போய்ச் சேர்ந்தவனைப் பூலோகத்தில் இருப்பவனிடமிருந்து பிரித்தறியும் அந்தப் புராதன உபாயத்தை மறவாமல் செயலியில் சேர்த்த புண்ணியவான் யாராயினும் அவருக்கு என் வந்தனம். ஆனால் தமயந்திக்கு நளனிடத்தில் பிரேமை இருந்தது. செயலிக்கு என்னிடத்தில் அது இல்லை. கண்புரைச் சிகிச்சை செய்துகொண்ட என் கண்கள் இமைத்தன, படபடத்தன, முடிவில் நீரும் சொரிந்தன. ‘தாத்தா, நீங்க ரொம்ப வேகமா இமைக்கிறீங்க’ என்றான் பேரன். ஆதார் அட்டையிலுள்ள முகத்தோடு என் முகம் பொருந்தவில்லையாம். அந்த அட்டையிலுள்ள முகம் என்றைக்கு எனக்குப் பொருந்தியிருக்கிறது? இதற்குள் ரகசிய எண் வரவேண்டிய என் இந்தியக் கைபேசி இணைப்போ, தொண்ணூறு நாள் உபயோகிக்கப்படாத குற்றத்துக்காக எனக்கு முன்பே காலமாகியிருந்தது.

அதன் பின்னரும் நான் சும்மா இருந்துவிடவில்லை. வெளிதேசத்தில் வசிக்கும் ஓய்வூதியர், நோட்டரி, மாஜிஸ்திரேட், வங்கி அதிகாரி, இந்தியத் தூதரகப் பிரதிநிதி ஆகியோரில் ஒருவரிடம் கையொப்பம் பெற்று அனுப்பலாம் என்று தங்கள் விதிகளே இடம் கொடுப்பதைத் தேடிப் பிடித்து, நகரத்துக்கு ரயிலேறிப்போய் ஒரு நோட்டரியின் எதிரில் அமர்ந்தேன். அந்த அம்மையார் என் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர் உயிரோடிருக்கிறார் என்பதை மட்டுமா எழுதவேண்டும் என்று இரண்டாம் முறையும் கேட்டுத் தெளிந்த பிறகே முத்திரை குத்தினார். அவருக்கு அளித்த கட்டணத்தில் ஊரில் ஒரு நல்ல திவசமே நடத்தியிருக்கலாம். தங்கள் கருத்துப்படி அதுவே உசிதமான செலவாகவும் இருந்திருக்கும். சான்றிதழ் பதிவுத் தபாலில், கெடுவுக்குள், தங்கள் அலுவலகத்தில் பட்டுவாடா ஆயிற்று. தபாலைப் பற்றி எனக்குத் தெரியும் ஐயா.

இன்று காலை தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசியவர் இளைஞர், குரலில் விநயத்துக்குக் குறைவில்லை. என் ஓய்வூதிய எண்ணைச் சொல்லி, பெயரைச் சொல்லி, நான்தான் அவன் என்றும் சொன்னேன். சற்று நேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு, ‘சார், பேப்பர் வந்திருக்கு. ஆனா அந்த நோட்டரி கையெழுத்த நாங்க எப்படி வெரிஃபை பண்றது? சிஸ்டத்துல ஸ்டாப்னு வந்துடுச்சு. நீங்க பேசுறத வச்சு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. அம்மா இருந்தா அவங்ககிட்ட குடுங்க’ என்றார். அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அவளிடம் முதலில் கேட்டது தேதியை. என்ன தேதி என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மணையில் என் பக்கத்தில் அமர்ந்த நாள் முதல் நெற்றியில் குங்குமம் இல்லாமல் வாசல் தாண்டாத ஒருத்தியிடம், புருஷன் அருகிலேயே நின்றுகொண்டிருக்கும்போது, அவன் செத்த தேதியைக் கேட்க உங்களுக்கு எப்படி ஐயா வாய் வந்தது? பயல் சின்னவன், படிவத்தில் கேட்டிருப்பதைத்தான் கேட்டான். அந்தப் படிவத்தை அச்சடித்து நாடெங்கும் அனுப்பிய பெரியவர்களைக் கேட்கிறேன். இது யாருடைய பணம்? 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெள்ளத்தெளிவாகச் சொன்னது, ஓய்வூதியம் எஜமானன் மனமிரங்கிப் போடும் தானமல்ல, ஊழியன் உழைத்துச் சம்பாதித்த உரிமை என்று. அந்தத் தேதியை ஓய்வூதியர் தினம் என்று மாலை போட்டுக் கொண்டாடவும் செய்கிறீர்கள். உரிமையுள்ளவன் வருஷா வருஷம் தான் சாகவில்லை என்று கெஞ்சி நிரூபிக்கவேண்டும். சான்றிதழை மேஜையில் வைத்துக்கொண்டே அவனைச் சாகடிக்கிறவன் மட்டும் ஒன்றையும் நிரூபிக்கவேண்டியதில்லை.

க்ஷமிக்கவேண்டும். இறந்தவனுக்கு இத்தனை ஆவேசம் ஆகாது. பேய் என்று சொல்லிவிடுவார்கள்.

தாங்கள் என்னை வஞ்சித்ததாக நான் நினைக்கவில்லை. கஜானாவின் நலம் கருதியே செய்திருப்பீர்கள். என் ஓய்வூதியம் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. அறுபத்தேழு வயதைக் கடந்து மறைந்தவனுடைய விதவைக்கோ நூற்றுக்கு முப்பது. ஆகவே நான் ஒரு மாதம் முன்னதாகக் காலமானாலும் தேசத்துக்கு நூற்றுக்கு இருபது மிச்சம். இந்தத் தேசபக்திக் கணக்கு எனக்கு விளங்காமலில்லை. எனினும் அந்தத் தொகை இவ்விடத்தில் எங்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாலராக மாற்றினால் அது அற்பம். என் மகன் ஒரு வாரத்தில் காருக்குச் செய்யும் செலவுக்குக் காணாது. ஆனால் இந்திய மளிகைக்கடையில் என் மனைவி ஒரு கட்டு கறிவேப்பிலையின் விலையைப் பார்த்துத் திடுக்கிட்டு, பின்பு வேண்டியதுதான் என்று தானே தீர்மானித்து எடுத்துக்கொள்வது அந்தப் பணத்தில். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயத்து உண்டியலில் அவள் போடுவது அந்தப் பணம். என் மகன் உத்தமன். கேட்டால் இரு மடங்கு தருவான். கேட்கவேண்டியிருக்கிறதே என்பதுதான் இங்கு வந்து குடியேறிய கிழவர்கள் ஒவ்வொருவருக்கும் தொண்டையில் நிற்கும் முள். இதை மகன்களிடம் சொல்ல முடியாது.

தவிரவும், காலஞ்சென்றவன் என்ற முறையில் எனக்கு இங்கே வேலை அதிகம். மஞ்சள் மூடித் தொட்டியா பச்சை மூடித் தொட்டியா என்று விசாரித்து வீதியோரத்தில் வைப்பதும், பிற்பகலில் பேரனைப் பள்ளி வாசலில் காத்திருந்து அழைத்துவருவதும் இந்தப் பிரேதந்தான். எங்களைப்போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு இந்நாட்டு மெடிகேர் கிடையாதாகையால், ஒரு தனியார் காப்பீட்டு ஸ்தாபனம் மாதந்தோறும் என் இருதயத்தின் பேரில் பிரீமியம் வசூலித்துவருகிறது. அது துடிப்பதைப் பற்றி அவர்களுக்கு இதுவரையில் எள்ளளவும் சந்தேகம் எழவில்லை. நம் வருமான வரி இலாகாவும் அவ்வாறே.

இன்னும் பெரிய விசேஷம் ஒன்றைக் கேளுங்கள். நிரந்தரமாகத் தங்குவதற்குப் பெற்றோர் விசா என்று ஒன்று இங்கே உண்டு. பிள்ளைகளில் பாதிப்பேராவது இந்நாட்டில் குடியிருக்கவேண்டும் என்பது நிபந்தனை. மகன் இங்கேயும் மகள் கோயம்புத்தூரிலுமாக நாங்கள் சரிபாதியில் தேறினோம். பெருந்தொகை கட்டுகிறவர்களுக்கு ஒரு வரிசை, கட்ட இயலாதவர்களுக்கு ஒரு வரிசை. நாங்கள் நிற்பது இரண்டாவதில். அதில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு விசா கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று இந்நாட்டுச் சர்க்காரே அறிவித்திருக்கிறது. எழுபது வயதுக்காரனிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பதில்லை. ஒருகால் வரவே வராத விசாவுக்கு முதியவர்களை விண்ணப்பிக்கச் செய்வது கொடுமை, அநாவசியம் என்று 2023-இல் வெளியான குடிவரவுச் சீராய்வு அறிக்கையே எழுதிவிட்டது; ஆயினும் வரிசை இருந்தபடியே இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன்.

ஆகவே, அன்னிய அரசாங்கம் ஒன்று அடியேன் நூறு வயதுக்கு மேலும் திடகாத்திரமாக வாழ்ந்து விசாவைக் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்வேன் என்று பரிபூரண நம்பிக்கை வைத்திருக்க, நான் சேவித்த சொந்த அரசாங்கம் சென்ற நவம்பரைக்கூடத் தாண்டமாட்டேன் என்கிறது. இதில் எனக்கு ஒரு பேராசையும் உண்டு. எண்பதில் நூற்றுக்கு இருபது என்று தொடங்கி ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும் கூடுதல் ஓய்வூதியம், நூறாவது வயதில் மூல ஓய்வூதியத்துக்குச் சமமாகி இரட்டித்துவிடும் என்று தங்கள் விதிப்புத்தகம் கூறுகிறது. விசாவும் இரட்டை ஓய்வூதியமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கைக்கு வரப்போகும் அந்த சுபதினத்தை எண்ணித்தான் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறேன்.

அதுவரையில் தங்களைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை. என் பிரார்த்தனை ஒன்றே ஒன்று. சான்றிதழைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்து என்னை உயிர்ப்பித்தருளுங்கள். நிலுவையையும் சேர்த்து அருளுங்கள். அது இயலாது, அலுவலகத்தின் தீர்ப்பே இறுதி என்றால், நான் இறந்துவிட்டேன் என்பதைத் தாங்களே ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி அனுப்புங்கள். விசா விண்ணப்பத்துக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்ப்பேன், காப்பீட்டையும் நிறுத்திவிடலாம். அந்தக் கையொப்பம் தங்களுடையதுதான் என்பதை இங்குள்ள நோட்டரி அம்மையார் சரிபார்க்க விரும்புவார். அதற்கான சான்றையும் உடன் இணைத்துவிடுங்கள்.

தாங்கள் கேட்டிருந்த புகைப்படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பீமரத சாந்தியன்று எடுத்தது. மாலை என் கழுத்தில் இருக்கிறது, படத்துக்குப் போட்டதல்ல என்பதை எழுத்தருக்குச் சுட்டிக்காட்டவும்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள,
காலஞ்சென்ற ஓய்வூதியன்.

பின்குறிப்பு: விசாரணைக்காகத் தொலைபேசியில் அழைப்பதாயின், தயைகூர்ந்து இந்திய நேரம் மாலை நான்கு மணிக்குள் அழைக்கவும். அப்போது இங்கே இரவு ஒன்பதரை. அதற்கு மேல் காலஞ்சென்றவன் விழித்திருப்பதில்லை.