தரங்கம்பாடி: மறதியால் பிழைத்த கோட்டை

டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வருவதற்காகக் கிளம்பவே இல்லை. அவர்கள் குறி இலங்கை. போஷோவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனுக்குப் போய், தான் கண்டி ராஜாவின் தூதர் என்றும் கப்பல் அனுப்பினால் வியாபாரமெல்லாம் உங்களுக்கே என்றும் மன்னர் நான்காம் கிறிஸ்தியானிடம் அளந்துவிட்டார். மன்னரும் நம்பி, 1618இல் ஓவே கியேடே தலைமையில் கப்பல்களை அனுப்பினார். புரோக்கர் நடுக்கடலிலேயே மண்டையைப் போட்டார். கியேடே கண்டிக்குப் போய்ப் பேச்சை எடுத்தால், ராஜா கையை விரித்தார்.

இதற்கிடையில், முன்னோட்டமாக வந்த இன்னொரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் ஒழித்துக்கட்டினார்கள். அதில் தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார். கப்பல் போனாலும் வாய் போகவில்லை. அங்கே ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் பேசிப் பேசியே தரங்கம்பாடி என்ற மீனவர் ஊரைக் குத்தகைக்கு வாங்கிவிட்டார். 1620 நவம்பரில் ஒப்பந்தம். நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. டேன்ஸ்போர்க் கோட்டை எழும்பியது.

கோட்டை வந்ததும் கொழுப்பும் வந்தது. வியாபாரத்தில் கடன் கழுத்தை நெரித்தபோது, 1642இல் இவர்கள் முகலாயப் பேரரசின் மீதே போர் தொடுத்தார்கள்! வங்காளத்துக் கப்பல்களைப் பிடித்து விற்பதுதான் அந்த மாபெரும் யுத்தம். சமாதானம் 1698இல்தான் வந்தது. டெல்லி அரண்மனையில் இதற்காக யாரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

தாய்நாடு அதற்குள் இவர்களை மறந்தேபோனது. 1650இல் இந்த வியாபாரத்தை நடத்திய கம்பெனியை மூடினார்கள். ஊரை விற்கப் பார்த்தார்கள், பேரம் படியவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 1655இல் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற சாமானியர் பொறுப்பேற்றார். கடைசியில் கோட்டையில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரரும் அவர்தான். சம்பளம் இல்லை, கடுதாசி இல்லை, கப்பல் இல்லை. மனுஷன் அசரவில்லை. உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கப்பல் பிடித்தார், வந்த காசில் அக்கம்பக்கத்தாருக்கு லஞ்சம் கொடுத்தார், ஊரைச் சுற்றி மதிலும் கட்டினார். 1669இல் தாய்நாட்டுக் கப்பல் எட்டிப்பார்த்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவரையே கவர்னர் ஆக்கினார்கள்.

1706இல் டேனிஷ் ராஜாவே அனுப்பிய பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கினார். ராஜாவின் கவர்னரோ அவரைப் பிடித்து நான்கு மாதம் கோட்டைச் சிறையில் போட்டார். ஆனாலும் 1715இல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தது சிறைக்குப் போனவர்தான். சிறையில் போட்டவர் பெயர் யாருக்கு ஞாபகம்?

1845இல் இந்த ஊரை, வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டார்கள். குத்தகைக்கு எடுத்த ஊரை விற்றுக் காசு பார்த்த சாமர்த்தியம் அது.

கோட்டை பிறகு பயணியர் விடுதியாக இருந்து, இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பீங்கான், குத்துவாள், பீரங்கிக் குண்டு, திமிங்கில எலும்பு எல்லாம் உண்டு. போனால் பாருங்கள். ஆனால் ராஜாக்களுக்கும் கம்பெனிக்கும் கும்பிடு போடாதீர்கள். அந்த மரியாதை முழுக்க, சம்பளம் வாங்காமல் காவல் காத்த கொங்ஸ்பாக்கேவுக்குத்தான் சேரவேண்டும்.