பால்கோவா தடவாத ரொட்டி

ஒஸ்லோ,
புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

"மத்தியானம் என்னடா சாப்பிடுறே?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் பேச்சை மாற்றினேன். உண்மை தெரிந்தால் புளிக்காய்ச்சலும் கையுமாக விமானம் ஏறிவிடுவாயே என்ற பயம்தான். விசா கிடைக்க நாளாகும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ரொட்டி, அம்மா. சில்லென்ற ரொட்டி.

வேலையில் சேர்ந்த அன்று தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறையில் நுழைந்தால் ஈ, காக்கை இல்லை. பதினொன்றரைக்கே எல்லாரும் முடித்துவிட்டார்களாம். மொத்தமே அரை மணி நேரம்தான். நம் வீட்டில் அந்நேரத்துக்குக் குழம்பே கொதித்திருக்காது.

இந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் 'மாட்பக்கே'. சாப்பாட்டுப் பொட்டலம் என்று அர்த்தம். அடுப்புக்கு வேலையே இல்லை. முழுத்தானிய ரொட்டித் துண்டு, அதன்மேல் வெண்ணெய், அதன்மேல் ஏதாவது ஒன்று. துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் வைப்பதற்கென்றே கடையில் ஒரு காகிதம் விற்கிறது. அதன் பெயர் 'மெல்லொம்லெக்ஸ்பப்பீர்'. சொல்லி முடிப்பதற்குள் ரொட்டியைத் தின்றுவிடலாம்.

ஒருநாள் தக்காளிச் சாற்றில் ஊறிய மீன் டப்பா கிடைத்தது. கானாங்கெளுத்தி வகை. மீன்குழம்பேதான் என்று ஆசையாகத் திறந்தேன். மீன் இருந்தது, குழம்பு இல்லை. ஆனாலும் ரொட்டியில் வைத்துத் தின்றால் சாயங்காலம் வரை பசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய அதிசயம் 'ப்ரூனுஸ்த்' என்கிற பழுப்பு சீஸ். பால் திரிந்த தெளிநீரைப் பாலும் கிரீமும் சேர்த்து, சர்க்கரைச் சத்து பழுப்பாகும்வரை சுண்டக் காய்ச்சுகிறார்கள். பால்கோவா தின்று வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனிடமே இதைச் சீஸ் என்கிறார்கள்! அதைச் சீவ ஒரு கருவி உண்டு. 1925-இல் லில்லேஹாம்மர் ஊர்த் தச்சர் தூர் பியோர்க்லுண்ட் தன் இழைப்புளியைப் பார்த்து அதைச் செய்தாராம். பால்கோவாவை இழைக்கத் தச்சர் வேண்டியிருக்கிறது, பார்.

இந்த ரொட்டிச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கிவிட்டார்கள். 1930-களில் கார்ல் ஷியோட்ஸ் என்ற பேராசிரியர், சமைத்த உணவுக்குப் பதிலாக ரொட்டி, சீஸ், பால், பச்சைக் கேரட் என்று ஒஸ்லோ பிள்ளைகளுக்குக் கொடுக்கச் செய்தார். இன்றைக்கு எங்கள் மேலதிகாரியும் அதே பொட்டலத்தைத்தான் பிரிக்கிறார். நாலு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் சூடான சாப்பாடு.

முதலில் சிரித்தேன். இப்போது ஐந்தே நிமிடத்தில் பொட்டலம் கட்டி, கூடவே ஒரு கேரட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். கட்டும்போது உன் ஞாபகம்தான். விடியுமுன் எழுந்து நாலு டப்பா கட்டிவிட்டு, நீ பழையசோற்றில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வாய். அடுப்பு மூட்டாத அந்தச் சாப்பாட்டை நாங்கள் யாரும் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இங்கே ஒரு நாடே சேர்த்திருக்கிறது.

அவலும் பொட்டுக்கடலை மாவும் அனுப்பு. பால்கோவா வேண்டாம், அதை ரொட்டியில் வைக்க எனக்கு மனசு வராது.

இப்படிக்கு,
உன் மூத்தவன்

பி.கு.: 2013 ஜனவரியில் இந்நாட்டுச் சுரங்கப்பாதை ஒன்றில் லாரியோடு 27 டன் பழுப்பு சீஸ் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்ததாம். இவர்களும் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், ஒரே ஒரு தடவை.