மேல் பல்லா, கீழ்ப் பல்லா?

கன்னம் வீங்கியவனைப் பார்த்து "வலிக்குதா?" என்று கேட்கிற வழக்கம் நம் மலையகத்தில் ஒழிந்துபோய் எவ்வளவோ காலமாகிறது. "மேல் பல்லா, கீழ்ப் பல்லா?" அவ்வளவுதான் விசாரணை. செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்ததிலிருந்து இதற்குப் பதில் சொல்லியே தாடை இற்றுவிட்டது. பஞ்சை இறுக்கிக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹட்டனில் பொகவந்தலாவ பஸ் ஏறியவனுக்கு இது ஆகிற காரியமா?

பக்கத்து சீட்டுப் பெரியம்மாவுக்கு விரலால் மேலே காட்டினேன். "ஐயையோ, மேலயா? கண்ணு போயிருமே தம்பி!" என்றார், டிக்கோயாவுக்கே கேட்கிற மாதிரி. முன் சீட்டுக்காரர் திரும்பி, மேல் பல்லைப் பிடுங்கிப் பார்வை மங்கிப்போன தன் மாமனாரின் கதையைத் தொடங்கினார். பின் சீட்டிலும் அதே கதை. மாமனாருக்குப் பதில் சித்தப்பா. கொண்டக்டர் பையன் என் மூக்குக்கு நேரே விரல்களை விரித்து "இது எத்தனை அண்ணே?" என்றான். மூன்று. அதே கையால் மிச்சக் காசில் பத்து ரூபாய் குறைத்துத் தந்தான். கண் பழுதில்லை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

ஐயாமாரே, அம்மாமாரே, ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். மேல் பல்லுக்கு வருவது முகத்துக்கு உணர்ச்சி தருகிற நரம்பின் கிளை. பார்வை நரம்பு கண்ணுக்குப் பின்னாலிருந்து தனி வழியில் மூளைக்குப் போகிறது. இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மாமனாருக்குப் பல் போனது 40, 45 வயதில் இருக்கும். வெள்ளெழுத்து வருகிற வயதும் அதுதான். முப்பத்திரண்டு பல்லும் உள்ளவனுக்கும் வரும். மேல் பல் போனால் கண் போகும் என்றால், கட்டுப்பல் வைத்த கிழவர்கள் அத்தனை பேரும் தடவித் தடவியல்லவா நடக்க வேண்டும்? எங்கள் லயத்துத் தாத்தாவின் வாயில் பேருக்கு ஒரு பல் இல்லை. எதிர்மலையில் கங்காணி யாரை ஏசுகிறார் என்று வாசலில் இருந்தபடியே சொல்கிறார். சரி, கீழ்ப் பல்லைப் பிடுங்கினால் எது போகும், காதா? கேட்டும் பார்த்தேன். "கீழ்ப் பல்லுன்னா பரவாயில்ல." கீழ்ப் பல்லுக்குக் கதை சொல்ல ஒரு மாமனாரும் இல்லை.

நான் எழுத உட்கார்ந்தது, பிடுங்குவதா, ரூட் கெனால் செய்வதா என்பதைப் பற்றி. ரூட் கெனாலில் பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, குட்டா பெர்ச்சா என்ற மரப்பாலால் அடைக்கிறார்கள். ஒரு காலத்தில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் மலாயாக் காட்டின் இதே பால்தான். கேட்டிருந்தால் நோர்வூட் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்திருப்பேன். யாருக்கு வேண்டும்? கண்தான் வேண்டும்.

கண்ணைக் கேட்கிற வாயில் ஒன்றாவது, "அந்தப் பல்லைக் காப்பாத்த ஏலாதா?" என்று கேட்டதா? பிடுங்க ஒரு நாள் போதும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. ரூட் கெனாலுக்குப் பல தடவை நடக்க வேண்டியிருக்கும். பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். கொழுந்தெடுக்கிறவருக்கு ஒவ்வொரு நடைக்கும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். அதனால் கராம்பை வைத்து, பனடோலை விழுங்கி, கன்னத்தில் சித்தாலேப பூசி, பல் தானாக ஆடுகிறவரை பொறுக்கிறோம். பிறகு கண்ணுக்காக அழுகிறோம். எனக்கு எரிகிறது அங்கேதான்.

கிரவுன் பாக்கியிருக்கிறது. ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் லேசில் உடையும். மேலே கவசம் மாட்டினால் தாங்கும். நேற்று லயத்து வாசலில் இதை விளக்கினேன். பக்கத்துக் காம்பராக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கத்துல போட்டா, புள்ளைகளுக்கு ஸ்கூல் தொறக்கிறப்ப கழட்டி அடகு வைக்கலாமா தம்பி?" என்றார்.

இந்த வாரத்தில் வந்த உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். ஒட்டிய கிரவுனை நினைத்த நேரம் கழற்ற முடியாது என்றேன்.

"அப்ப புடுங்குறதுதான் லாபம்" என்று எழுந்து போய்விட்டார்.